பாலிசி என்ன என்பது ஒரு கேள்வி, பேஜ் எங்கே என்பது இன்னொரு கேள்வி

கேள்வி கேட்ட தம்பி பதுளைப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்) உள்ள பழைய சர்வர் ஒன்றை வாங்கி, மழைப் பதிவுகளையும் மலைச் சரிவுகளின் உயரத் தரவையும் வைத்து மண்சரிவு மாடல் ஒன்றை சி++ இல் எழுதி ஓட்டுகிறார். மெமரியை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் நியூமாசிடிஎல் கமாண்டில், எல்லாச் சாக்கெட்டின் ரேமிலும் மாறிமாறி எடு என்று பொருள்படும் இன்டர்லீவ்=ஆல் கொடுத்துத்தான் தொடங்குகிறாராம். அது பிடித்ததா என்று பார்க்க, இப்போதுள்ள விதியை லினக்ஸிடம் கேட்கும் கெட்_மெம்பாலிசியைக் கூப்பிடும் சின்ன புரோகிராம் ஒன்றை வேறு டெர்மினலில் ஓட்டினால் 0 என்று வருகிறது. நோட் மாஸ்க்கையும் (எந்தெந்த நோட், அதாவது எந்தெந்தச் சாக்கெட்டின் ரேம், என்று பிட் பிட்டாகக் காட்டும் எண்) சேர்த்துக் கேட்டால் 'இன்வாலிட் ஆர்கியூமென்ட்' என்கிறது. இதற்கிடையில் ஒரே தரவு, ஒரே புரோகிராம், ஒரு நாள் 40 நிமிடத்தில் முடிகிறது, இன்னொரு நாள் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரொசெஸின் மெமரி பாலிசியை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இனிமேல் மெமரி கேட்டால் எந்த நோட்டில் இருந்து கொடுக்கவேண்டும் என்று கர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், சொல்லிவைத்திருக்கும் விதி என்ன என்பது ஒன்று. ஏற்கெனவே கொடுத்த பேஜ்கள், அதாவது மெமரித் துண்டுகள், இப்போது எந்த நோட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்பது மற்றது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதானால், காலைப் பிரட்டில் (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில்) எந்த மலைக்குப் பெயர் விழுந்தது என்பது பாலிசி, பின்னேரம் கொழுந்தை எந்த மடுவத்தில் (கொழுந்துக் கொட்டகையில்) எடை போட்டார்கள் என்பது பேஜ் இருக்கிற இடம். மாடல் வேகமாக ஓடுமா, மெதுவாக ஓடுமா என்பதை முடிவு செய்வது இரண்டாவதுதான். நீங்கள் வார்த்தையில் கேட்டது முதலாவதை, ஆனால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்று நினைக்கிறேன். கண்டியில் மாணவர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் பொதுவில் பாவிக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தச் சந்தேகத்தோடு வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் பிரித்துச் சொல்வேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மெஷினில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்தமாக மெமரி கன்ட்ரோலரும் சொந்தமாக ரேமும் இருக்கும், அந்த ஜோடிக்குத்தான் நோட் என்று பெயர். பக்கத்துச் சாக்கெட்டின் ரேமைத் தொடவேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்டிப் போகவேண்டும், அதனால் நேரம் கூடும். ஏஎம்டி 2003 இல் ஆப்டரானோடு இந்த வழிக்கு வந்தது, இன்டெல் சர்வர்கள் 2009 வாக்கில் நெஹாலம் வரிசையோடு வந்தன. ஆகவே உங்கள் கையில் உள்ளது எவ்வளவு பழைய சர்வராக இருந்தாலும் பெரும்பாலும் இந்த ரகம்தான். நியூமாசிடிஎல் --ஹார்ட்வேர் என்று கொடுத்தால் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும், அதில் தன் நோட்டுக்கு 10 என்றும் மற்ற நோட்டுக்கு 20 அல்லது 21 என்றும் இருக்கும். அது நானோசெகண்ட் கணக்கு அல்ல, ஃபர்ம்வேர் சொல்லும் ஒப்பீட்டு எண் மட்டும்தான். 21 என்று போட்டிருப்பதால் இரண்டு மடங்கு மெதுவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நிஜ வித்தியாசம் பொதுவாக அதைவிடக் குறைவு.

சரி, ஏன் 0 வந்தது? கெட்_மெம்பாலிசி என்பது லினக்ஸ் 2.6.7 இல், அதாவது 2004 இல் வந்த சிஸ்டம் கால், புரோகிராம் கர்னலைக் கூப்பிடும் வழி. அதற்கு ஐந்து ஆர்கியூமென்ட்கள்: மோட் (பாலிசியின் எண்) எழுதப்படும் இடம், நோட் மாஸ்க் எழுதப்படும் இடம், மாஸ்க்கில் எத்தனை பிட், ஒரு முகவரி, ஃப்ளாக்குகள். இதில் புரொசெஸ் எண் கொடுக்க இடமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். கூப்பிடுகிற திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) தன்னைப்பற்றி மட்டும்தான் கேட்கமுடியும். நீங்கள் வேறு டெர்மினலில் ஓட்டிய சின்ன புரோகிராம் தன் சொந்தப் பாலிசியைக் கேட்டது, அதற்கு யாரும் எந்தப் பாலிசியும் சொல்லவில்லை, அதனால் 0, அதாவது டிஃபால்ட் என்று வந்தது. பதில் சரியானதுதான், உங்கள் மாடலைப்பற்றிய பதில் அல்ல, அவ்வளவுதான். மற்ற எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 1 ப்ரிஃபர்ட் (சொன்ன நோட்டை முதலில் பார்), 2 பைண்ட் (சொன்ன நோட்களில் மட்டும்), 3 இன்டர்லீவ் (மாறிமாறி), 4 லோக்கல் (ஓடுகிற நோட்டிலேயே). புதிய கர்னல்களில் 5 உம் 6 உம்கூட வரலாம். சில நேரம் 32770 போல வினோதமான எண் வந்தால் பயப்படாதீர்கள். அது 32768 உம் 2 உம் சேர்ந்தது, பைண்ட் பாலிசியோடு 'ஸ்டாட்டிக் நோட்ஸ்' என்ற மோட் ஃப்ளாக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மோடை நேரடியாக 2 உடன் ஒப்பிடும் புரோகிராம் இங்கே தடுக்கி விழும்.

நியூமாசிடிஎல் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அது முதலில் தனக்குத்தானே செட்_மெம்பாலிசி போட்டுக்கொள்ளும், அப்புறம் எக்ஸெக் மூலம் உங்கள் புரோகிராமாக மாறிவிடும். பாலிசி எக்ஸெக்கைத் தாண்டியும் நிற்கும், ஃபோர்க் செய்த பிள்ளைக்கும் புதுத் திரெட்டுக்கும் போய்ச்சேரும். இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்: நியூமாசிடிஎல் --இன்டர்லீவ்=ஆல் என்பதற்குப் பின்னால் உங்கள் மாடலின் பெயருக்குப் பதிலாக நியூமாசிடிஎல் --ஷோ என்று போடுங்கள். 'பாலிசி: இன்டர்லீவ்' என்று வரும். வெறுமனே --ஷோ மட்டும் போட்டால் உங்கள் ஷெல்லின் பாலிசி வரும், அது டிஃபால்ட்தான். ஆனால் இந்தப் பரம்பரைத் தொடர் அறுந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது, அதில் மாட்டாதவர்கள் குறைவு. வேலையை நீங்கள் நேரே தொடங்காமல், பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸிடம் கொடுத்து அது தொடங்கினால், பாலிசி அந்தச் சர்வீஸிடம் கேட்ட கமாண்டோடு நின்றுவிடும், வேலைக்குப் போகாது. புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை எடுங்கள், நியூமாசிடிஎல்லுக்குப் பின்னால் டாக்கர் ரன் என்று போடுவது இதற்கு நல்ல உதாரணம். டாக்கரின் கிளையண்டுக்குத்தான் இன்டர்லீவ் கிடைக்கும், கன்டெய்னரைப் பெற்றெடுப்பது டாக்கர் டீமன் என்பதால் உள்ளே ஓடும் மாடலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தில் நியூமாசிடிஎல்லைக் கன்டெய்னருக்குள்ளே போடவேண்டும். போட்டால் இன்னொரு தடை வரும். டாக்கரின் வழக்கமான செக்காம்ப் விதி (எந்தச் சிஸ்டம் காலை விடலாம் என்ற வடிகட்டி) இந்தக் கெட்_மெம்பாலிசி, செட்_மெம்பாலிசி, எம்பைண்ட் எல்லாவற்றையும் மறிக்கும், 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வரும். சிஸ்_நைஸ் என்ற உரிமையைக் கன்டெய்னருக்குச் சேர்த்துக் கொடுத்தால் திறந்துவிடும்.

'இன்வாலிட் ஆர்கியூமென்ட்' ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல, நீங்கள் உங்கள் புரோகிராமை இங்கே போடவில்லை, ஆனால் மாஸ்க்குக்கு ஒரேயொரு அன்சைன்ட் லாங் வைத்து 64 பிட் என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கர்னல் தான் ஆதரிக்கும் நோட் எண்களின் அளவைவிட உங்கள் மாஸ்க் சின்னதாக இருந்தால் மறுத்துவிடும். உங்கள் மெஷினில் இரண்டே இரண்டு நோட் இருப்பது அதற்குப் பொருட்டல்ல, பழைய கர்னல்கள் கட்டப்படும்போது வைத்த உச்ச அளவோடு ஒப்பிடும், அது பல விநியோகங்களில் 1024. 2019 இல் வந்த 5.0 இல் இருந்து, அந்த மெஷினில் உண்மையில் வரக்கூடிய எண்ணிக்கையோடுதான் ஒப்பிடுகிறது. எந்தக் கர்னலிலும் தொல்லையில்லாமல் ஓடவேண்டுமானால் 1024 பிட்டுக்கு, அதாவது 16 அன்சைன்ட் லாங்குக்கு இடம் ஒதுக்குங்கள். அல்லது லிப்நியூமா என்ற லைப்ரரி கொடுக்கும் பிட்மாஸ்க்கைப் பாவியுங்கள், அது அளவைத் தானே பார்த்துக்கொள்ளும். இதே எரர் வரும் இன்னொரு வழி: ஃப்ளாக் 0 என்று போட்டுவிட்டு முகவரியில் நல் (வெற்று முகவரி) அல்லாத எதையாவது கொடுப்பது. இரண்டையும் சரிபாருங்கள்.

இப்போது ஃப்ளாக்குகள். 0 என்றால் திரெட்டின் பொதுப் பாலிசி. எம்போல்_எஃப்_அட்ர் என்று கொடுத்து ஒரு முகவரியும் கொடுத்தால் அந்த முகவரியை ஆளும் பாலிசி வரும், யாராவது எம்பைண்ட் போட்டு அந்தப் பகுதிக்கு மட்டும் தனி விதி வைத்திருந்தால் அது திரெட்டின் பாலிசியில் இருந்து வேறுபடும். எம்போல்_எஃப்_நோட் என்பதையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால்தான் உங்களுக்கு வேண்டியது வரும். அப்போது மோட் என்ற இடத்தில் பாலிசி எண் வராது, அந்த முகவரியின் பேஜ் உட்கார்ந்திருக்கும் நோட்டின் எண் வரும். ஒரே இடத்தில் இரண்டு வேறு அர்த்தமுள்ள எண்கள் வருவதால், 1 என்று பார்த்தவுடன் அது ப்ரிஃபர்ட்டா, நோட் 1 ஆ என்று குழம்பும் ஆட்கள் நிறைய. இந்த இன்டர்ஃபேஸ் இதைவிடத் தெளிவாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. இன்னும் ஒன்று, எம்போல்_எஃப்_மெம்ஸ்_அலவ்ட் என்ற ஃப்ளாக் தனியாக வரும், மற்ற இரண்டோடும் சேராது. புரொசெஸ்களுக்கு எல்லை போடும் சிபியுசெட் உங்களை எந்த நோட்களுக்குள் அடைத்துவைத்திருக்கிறது என்று அது சொல்லும்.

நோட் எண்ணைக் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். மெமரியை வாங்கியவுடன் பேஜ் வந்துவிடாது. மெமரி வாங்கப் பாவிக்கும் மாலொக் கொடுப்பது வெறும் முகவரி வரம்பு, முதல் தடவை தொடும்போதுதான் கர்னல் நிஜப் பேஜைத் தேடிக் கொடுக்கும், பாலிசி வேலை செய்வதும் அந்த நொடியில்தான். இன்னும் தொடாத முகவரியைப்பற்றி கெட்_மெம்பாலிசியிடம் கேட்டால், அது நீங்கள் வாசித்ததுபோல ஒரு பேஜைக் கொண்டுவந்து வைத்து அதன் நோட்டைச் சொல்லும். பிறகு நீங்கள் எழுதும்போது கிடைக்கும் பேஜ் வேறு நோட்டில் இருக்கலாம். ஆகவே உங்கள் மாடலின் கிரிட்டில் (சரிவைக் கட்டம் கட்டமாக வைத்திருக்கும் எண் அட்டவணையில்) எண்களை எழுதி முடித்த பிறகு கேளுங்கள், அதற்கு முன் கேட்டு வரும் பதிலுக்குப் பெறுமதி இல்லை.

இன்னொரு புரொசெஸைப்பற்றி வெளியில் இருந்து தெரிந்துகொள்வதற்கு சிஸ்டம் காலைவிட நல்ல வழி இருக்கிறது. புரொக் என்ற ஃபோல்டரில் உங்கள் மாடலின் புரொசெஸ் எண்ணுக்குள் நியூமா_மேப்ஸ் என்ற ஃபைல் இருக்கும். சும்மா கேட் போட்டு வாசிக்கலாம், கோட் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு மெமரிப் பகுதிக்கும் ஒரு வரி. வரியின் முதலில் முகவரி, அடுத்து 'இன்டர்லீவ்:0-1' அல்லது 'டிஃபால்ட்' என்று பாலிசி, அப்புறம் 'அனான்=262144' என்று மொத்தப் பேஜ்கள், 'என்0=131072 என்1=131072' என்று நோட் வாரியாகக் கணக்கு, கடைசியில் 'கர்னல்பேஜ்சைஸ்_கேபி=4' என்று பேஜ் அளவு. நான் எழுதிய இந்த மாதிரி வரியில் 262144 பேஜை 4 கேபியால் பெருக்கினால் 1 ஜிபி, அது இரண்டு நோட்டுக்கும் 512 எம்பி வீதம் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் கிரிட் பெரிதாக இருப்பதால் அதன் வரி எது என்று எண்களைப் பார்த்தே பிடித்துவிடலாம். பாலிசியும் இடமும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நான் எப்போதும் முதலில் திறப்பது இதைத்தான். கூட்டுத்தொகை மட்டும் போதும் என்றால் நியூமாஸ்டாட் -பி போட்டு புரொசெஸ் எண்ணைக் கொடுங்கள். குறிப்பிட்ட முகவரிகளைப்பற்றிப் புரோகிராம் மூலமே கேட்கவேண்டுமானால் மூவ்_பேஜஸ் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது. நோட் பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் நல் கொடுத்தால் அது எதையும் நகர்த்தாது, ஒவ்வொரு பேஜும் எங்கே என்று மட்டும் சொல்லும். இன்னொரு புரொசெஸைப்பற்றியும் கேட்கும், அதற்கு அந்தப் புரொசெஸைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்கவேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. 40 நிமிடமும் ஒரு மணி நேரமும் ஏன் என்பது அப்படியல்ல, மெஷினைப் பார்க்காமல் ஊகம்தான் சொல்லமுடியும், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் சந்தேகம் பேஜ் கேஷ், அதாவது ஃபைல்களின் தரவைக் கர்னல் ரேமில் பிடித்துவைப்பது. பெரிய மழைத் தரவு ஃபைல்களைக் கொப்பி செய்த கையோடு மாடலைத் தொடங்கினால், கொப்பி ஓடிய நோட்டின் ரேம் ஃபைல் கேஷால் நிரம்பியிருக்கும். ஒரு நோட்டில் இடம் இல்லாவிட்டால் கர்னல் கேஷை உடனே காலி செய்யாமல் பக்கத்து நோட்டில் இருந்து எடுத்துக்கொடுப்பதுதான் இப்போதைய வழக்கம், இன்டர்லீவ் சொல்லியிருந்தாலும் அப்படித்தான். அப்போது என்0 உம் என்1 உம் சரிபாதியாக இருக்காது. மாடலைத் தொடங்குவதற்கு முன் நியூமாசிடிஎல் --ஹார்ட்வேரில் இரண்டு நோட்டிலும் 'ஃப்ரீ' எவ்வளவு என்று பார்த்து எழுதிவையுங்கள், வேகமான நாளையும் மெதுவான நாளையும் ஒப்பிட அது போதும். இரண்டாவது சந்தேகம், ஏதோ ஒரு ஸ்கிரிப்டில் நியூமாசிடிஎல் விடுபட்டு மாடல் டிஃபால்ட் பாலிசியில் ஓடுவது. டிஃபால்ட் என்றால் முதலில் தொட்ட திரெட் எந்த நோட்டில் ஓடுகிறதோ அங்கே பேஜ் வரும். சி++ இல் வெக்டர் ஒன்றை அளவு கொடுத்து உருவாக்கினால் அதன் கன்ஸ்ட்ரக்டரே முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும், அதுவும் மெயின் திரெட் ஒன்றே உட்கார்ந்து நிரப்பும். ஆக முழுக் கிரிட்டும் ஒரே நோட்டில் போய்க் குவியும், மற்ற சாக்கெட்டின் திரெட்கள் எல்லாம் முழு ஓட்டத்திலும் தூரத்தில் இருந்து அள்ளும். டிஃபால்ட்டில் கர்னலின் ஆட்டோமேட்டிக் பேலன்சிங்கும் நடுவில் புகுந்து பேஜ்களை மெல்ல இடம் மாற்றும், அதனால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறுவது இயல்பு. நீங்களே இன்டர்லீவ் என்று சொன்ன மெமரியில் அது கைவைக்காது. நியூமா_மேப்ஸில் இன்டர்லீவ் என்றும் இருந்து, எண்களும் இரண்டு நாளும் சரிபாதியாக இருந்தால், குற்றவாளி மெமரி இடம் அல்ல. சூடு ஏறி சிபியு வேகத்தைக் குறைத்ததா, வேறு யாராவது அதே நேரம் வேலை ஓட்டினார்களா என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் பார்க்கவேண்டிய ஒன்று பாக்கி. பாவித்த சர்வர் என்பதால் சொல்கிறேன். விற்கிறவர்கள் சோதித்துப் பார்க்கும்போது ரேம் குச்சிகள் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டின் ஸ்லாட்டுகளில் குத்திவிட்டு அப்படியே அனுப்புவதைக் கண்டிருக்கிறேன். அப்படியானால் --ஹார்ட்வேரில் ஒரு நோட்டின் சைஸ் 0 எம்பி என்று வரும், நீங்கள் என்ன பாலிசி போட்டாலும் போக வேறு இடமே கிடையாது. மூடியைத் திறந்து பாதிப்பாதியாக மாற்றிக் குத்தினால் தீர்ந்தது, எந்த ஸ்லாட் முதலில் என்று மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக, பயாஸில் 'நோட் இன்டர்லீவிங்' என்பதை இயக்கி வைத்திருந்தால் லினக்ஸுக்கு ஒரே நோட்தான் தெரியும், பாலிசி பேசுவதில் அர்த்தமே இல்லை.

இன்டர்லீவ் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. அது நடுத்தரமான, பாதுகாப்பான தேர்வு. யாருக்கும் மோசமில்லை, ஆனால் இரண்டு நோட்டில் ஒவ்வொரு திரெட்டும் தொடுவதில் சுமார் பாதி எப்போதும் தூரத்து ரேமாகவே இருக்கும். எந்தத் திரெட் எந்தத் துண்டைத் தொடும் என்று தெரியாத டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு அது பொருத்தம், மைஎஸ்கியூஎல் இல் இன்னோடிபி_நியூமா_இன்டர்லீவ் என்று ஒரு செட்டிங்கே அதற்காக இருக்கிறது. உங்கள் சரிவுக் கிரிட் அப்படியல்ல. ஒவ்வொரு திரெட்டும் தனக்கென்று ஒரு பட்டையை எடுத்து ஆரம்பம் முதல் முடிவு வரை அதையே கணக்கிடும். அதனால் திரெட்களை சிபியுக்களோடு கட்டிவிட்டு, கிரிட்டைப் பூச்சியமாக்கும் லூப்பையும் கணக்கு லூப்பைப் போலவே அதே பிரிப்பில் திரெட்களுக்குப் பங்குபோட்டால், ஒவ்வொரு பட்டையும் அதைக் கணக்கிடும் திரெட்டின் நோட்டிலேயே விழும். வெக்டரை விட்டுவிட்டு, தானாக நிரப்பாத அலொகேஷன் ஒன்றுக்கு மாறவேண்டும் என்பது மட்டும்தான் அதற்குச் செலவு. எனக்குத் தெரிந்தவரை இந்த வகை மாடல்களுக்கு அதுதான் சிறந்த வழி. எல்லாப் புரோகிராமிலும் ஒரே அளவு லாபம் வரும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், கிரிட் சிபியுவின் கேஷுக்குள் அடங்கும் அளவு சின்னதாக இருந்தால் எதுவுமே மாறாது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அடுத்த கணக்கை முடிக்கவேண்டிய மாடலில் 20 நிமிடம் என்பது சின்ன விஷயம் அல்ல, அதனால் இதை விடாமல் துரத்துவது சரியான வேலை. அடுத்த முறை மெதுவாக ஓடும்போது மாடலை நிறுத்தாதீர்கள், ஓட்டத்தின் நடுவில் நியூமா_மேப்ஸில் கிரிட் இருக்கும் வரியையும், அதே புரொசெஸின் ஸ்டேட்டஸ் ஃபைலில் மெம்ஸ்_அலவ்ட்_லிஸ்ட் என்ற வரியையும், --ஹார்ட்வேர் வெளியீடு முழுவதையும் எடுத்து இங்கேயே போடுங்கள். கூடவே மாடலைத் தொடங்கும் ஸ்கிரிப்டையும் போட்டால், நியூமாசிடிஎல் எங்கே அறுந்தது என்று பார்த்துச் சொல்லலாம்.